வாசல் வைக்க மறந்த பிராகாரம்

உச்சிப்புளிச் சமுதாயக் கூடத்தில் சனிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு, அறுபதைக் கடந்தவர்களுக்கென ஆறு வார நினைவுப் பயிற்சி வகுப்பு நடக்கவிருக்கிறது என்னும் அறிவிப்பைப் பேருந்து நிழற்குடைத் தூணில் கண்ட வேல்சாமி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் அதைப் படித்தார். படித்ததை வீட்டில் வேறாகச் சொன்னார்.

"கைபேசி வகுப்பாம். போயிட்டு வாரேன்."

"எழுபத்திரண்டு வயசுல யாருக்குப் போன் போடப் போறீக?" என்றாள் மனைவி நாகலெட்சுமி.

"கத்துக்கிட்டு முதல்ல உனக்குத்தான் போடுறேன். அப்பவாச்சும் குறுக்கே பேசாமக் கேப்பியான்னு பாக்கலாம்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல் அவர் வேகமாகப் படியிறங்கினார்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. கார்த்திகைப் பௌர்ணமியன்று கதிர் எழும் வேளையில், அவர்கள் ஊர் அலைகாத்த அம்மன் சந்நிதிக்கு எதிரே, உந்தியளவு கடல்நீரில் கோயிலை நோக்கி நின்று, அம்மன்மீதான நூற்றந்தாதியை ஏடு பாராமல் பாடுவது வேல்சாமியின் குடும்பத்துக்கு உரிய கடமை. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் முதலாகி, நூறாவது பாட்டின் கடைசிச் சொல் முதற்பாட்டின் முதற்சொல்லோடு வந்து பொருந்தும், மாலை கட்டிய நூலின் இரு நுனியும் முடிச்சில் கூடுவது போல. பாடி முடித்தவர் ஒருமுறை மூழ்கி எழுந்து கரையேறுவார். அந்த ஒரு முழுக்குத்தான் ஊருக்கு அடையாளம். அதுவரை கரையிலிருந்து எவரும் குரல் கொடுக்கலாகாது. எவரும் நீரில் கால் வைக்கலாகாது.

முடிக்காமல் ஏறலாகாது என்பது அதனினும் கடியது. வேல்சாமியின் தகப்பனார் ஓராண்டு அறுபத்தொன்றாம் பாட்டில் நா வறண்டு கரையேறிவிட்டார். அந்த மாதமே கடலுக்குப் போன மூன்று வள்ளங்கள் திரும்பவில்லை. ஊரார் ஒரு சொல் பழித்தாரில்லை. பழித்திருந்தால் தாங்கியிருப்பார். அதன்பின் பதினொரு வருடம், கடல் தெரியும் பக்கத்துச் சன்னலைத் திறக்கவிடாமலே வாழ்ந்து மறைந்தார்.

சென்ற கார்த்திகையில் ஐம்பத்தாறுக்கும் ஐம்பத்தேழுக்கும் நடுவே வேல்சாமிக்கு ஒன்றுமே இல்லாமற் போனது. ஒரு மூச்சளவுதான். பிறகு பாட்டு தானே வந்து நாவில் ஏறிக்கொண்டது. கரையில் எவருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு மூச்சு அவருக்குள்ளேயே தங்கிவிட்டது. ஓராண்டாகப் பால்காரர் பெயர், தம்மிடம் உள்ள சாவி எதற்கு உரியது, மதியம் சாப்பிட்டோமா இல்லையா என்று ஒவ்வொன்றிலும் அது தலைகாட்டியது.

வகுப்பில் பதினான்கு பேர். பயிற்றுவித்தவள் யுவராணி, இராமநாதபுரத்திலிருந்து பேருந்தில் வருகிற முப்பது வயதுப் பெண். வேல்சாமியின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தவர் மஹ்மூது. நாற்பது வருடம் சரக்குக் கப்பலில் சுக்கான் பிடித்தவர். இப்போது சிறு வள்ளம் ஒன்று வைத்து, மனம் தோன்றினால் மீனுக்குப் போகிறவர். கையில் எந்நேரமும் இறைநாமம் எண்ணும் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டிருக்கும்.

இரண்டாம் வாரம் யுவராணி ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தாள். "உங்களுக்குக் கண்ணை மூடுனாலும் தெரியுற பாதை ஒண்ணை எடுத்துக்கங்க. அதுல வரிசையா இருக்குற ஒவ்வொரு பொருள்லயும், ஞாபகம் வச்சுக்க வேண்டியதை ஒவ்வொண்ணா வச்சுட்டுப் போங்க. திரும்ப மனசுக்குள்ள நடந்தா எல்லாம் வச்ச எடத்துலயே இருக்கும். ஒண்ணு மட்டும் முக்கியம். பாதைக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு வேணும். கடைசில ஒரு வாசலை வைங்க. வாசல் வந்தா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்."

அந்நேரம் கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் ஒன்று கூரைக்கு மேலே தாழப் பறந்தது. வாசலைப் பற்றிய அவள் பேச்சில் பாதி அந்த இரைச்சலில் போயிற்று. வேல்சாமி அதைத் திரும்பச் சொல்லக் கேட்கவில்லை. அவர் மனம் அதற்குள் பாதையைத் தேடிப் புறப்பட்டுவிட்டது.

"எங்க வீட்டுலேருந்து ரேஷன் கடை வரைக்கும் வச்சுக்கிட்டேன்," என்றார் முன்வரிசையில் இருந்த உம்மு ஹபீபா. "வழியில ஏழு குட்டிச்சுவரு, மூணு டிரான்ஸ்பார்மரு. கடை பூட்டியிருந்தா மட்டும் என்ன செய்யுறதும்மா?"

"அது ஞாபகமறதி இல்ல பாட்டி, அரசாங்கம்," என்றார் மஹ்மூது.

"யாருய்யா பாட்டி? உன் மூத்த பேத்திக்கும் எனக்கும் ரெண்டே வயசுதான் வித்தியாசம், போ."

கூடம் சிரித்து ஓய்ந்தது. மஹ்மூது தம் பாதையைச் சொன்னார். "நான் என் வள்ளத்தை வச்சுக்கிட்டேன். முன்னால அணியத்துல ஆரம்பிச்சா, பின்னால சுக்கான்ல முடியும். அதுக்கு மேல காலை வச்சா கடல். நீங்க எதை வச்சீக சாமி?"

அம்மன் பாட்டைக் குட்டிச்சுவரிலும் டிரான்ஸ்பார்மரிலும் வைக்க வேல்சாமியின் மனம் ஒப்புமா? தெய்வத்தின் சொல்லைத் தெய்வத்தின் இடத்தில் அல்லவா வைக்கவேண்டும்! "இராமேசுவரம் கோயில் மூன்றாம் பிராகாரம்," என்றார். "தூணுக்கு ஒரு பாட்டு."

"நல்ல எடம்," என்றாள் யுவராணி. அவள் அந்தப் பிராகாரத்தை எண்ணிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள்.

வித்தை பலித்தது. கண்ணை மூடினால் போதும். வண்ணம் தீட்டிய தூண்கள் இருமருங்கும் எழுந்து நின்றன. கல்தரையின் ஈரம் உள்ளங்காலில் தட்டியது. முதல் தூணின்கீழ் முதற்பாட்டு:

*கரையே நினதடி, கண்டவர்க் கில்லை கடலச்சமே*

என்று விளக்குப் போல எரிந்துகொண்டிருந்தது. ஐம்பத்தாறும் ஐம்பத்தேழும் அடுத்தடுத்த தூண்களில் அசையாமல் நின்றன. ஓராண்டாக உறங்காதிருந்தவர் அன்று மதியமே உண்ட இடத்தில் உறங்கிப்போனார்.

நான்காம் வாரம் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் ஒப்பிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். "எனக்கு உங்க பாட்டு தெரியாது. எண்ணத் தெரியும்," என்று மஹ்மூது தஸ்பீஹை எடுத்தார். "மூணு முப்பத்திமூணு, அதுக்கு மேல ஒண்ணு, நூறு. பாடுங்க."

கூடத்தின் கோடியில் சன்னலோரம் உட்கார்ந்து வேல்சாமி தாழ்ந்த குரலில் தொடங்கினார். எங்கும் இடறவில்லை. தூண் தூணாக நடந்தார். நடக்கையில் தோன்றிய நிறைவு இன்னதென்று சொல்லும் தரத்தது அன்று. தாயின் விரலைப் பிடித்து நடக்கும் பிள்ளைக்கு வழி எவ்வளவு நீண்டாலும் போதாதல்லவா?

தோளில் ஒரு கை விழுந்தது. கண் விழித்தார். கூடத்தில் எவரும் இல்லை. நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு யுவராணி மட்டும் கதவருகே கைப்பையோடு நின்றாள்.

"சாமி," என்றார் மஹ்மூது. அவர் குரலில் வழக்கமான கேலி இல்லை. "நூறு முடிஞ்சுருச்சு."

"முடிஞ்சா நிறுத்தியிருப்பேனே."

"நூறு முடிஞ்சு, திரும்ப மொதல்லேருந்து நாப்பத்தாறு பாடிட்டீக. பக்திலதான் பாடுறீகன்னு நெனைச்சேன். பெறகு உங்க மூஞ்சியைப் பாத்தேன்."

"என் மூஞ்சிக்கு என்ன?"

"எங்கயோ போற ஆளு மூஞ்சி மாதிரி இருந்துச்சு. வாற ஆளு மாதிரி இல்ல."

வேல்சாமி மனத்துக்குள் கடைசித் தூணுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார். நூறாவது பாட்டு,

*திரையே கடந்துநின் சேவடி சேர்ந்தது சீர்க்கரையே*

என்று முடியும். 'கரையே' என்று அது முடிந்த கணத்தில் 'கரையே' என்று முதல் தூண் எதிரே நின்றது. அவர் மனத்துப் பிராகாரத்துக்கு நூறே தூண்; அது வலம் சுற்றி வருவது. சுற்றியவன் புறப்பட்ட இடத்துக்கே வருவான். நடுவே முடிவு என்று சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை நாள் அவரைக் கரையேற்றியது நினைவு அன்று. பாடி முடிகையில் தொண்டையில் வந்து நிற்கும் ஒரு களைப்பு. தூண்கள் வந்தபின் அந்தக் களைப்புப் போய்விட்டது.

யுவராணி அருகில் வந்து அமர்ந்தாள். "பாதையை மாத்திருவோம் அய்யா. நேரான பாதை. உங்க வீட்டுலேருந்து கடற்கரை வரைக்கும்."

அன்றுமுதல் முயன்றார். வீட்டு வாசலில் முதற்பாட்டை வைத்துத் தெருவில் இறங்குவார். நான்கு அடி வைக்குமுன் இருமருங்கும் தூண்கள் எழுந்துவிடும். நூறாம் தூணுக்கு அப்பால் ஒரு கதவை மனத்தால் செய்து நிறுத்தினார். மறுநாள் போய்ப் பார்த்தால் கதவு இருந்த இடத்தில் இன்னொரு தூண் நின்றது.

ஐந்தாம் வகுப்பன்று, தேநீர் இடைவேளையில், மஹ்மூதின் மணிக்கட்டைப் பிடித்தார். "வியாழக்கிழமை பௌர்ணமி. நாகலெட்சுமி காதுக்கு இது போகக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"ஊர்ல சொல்லி வேற ஆளைப் பாடச் சொல்லுங்க."

"வேற ஆளு இல்ல பாய்."

"சரி, சத்தியமாச் சொல்லல. ஆனா நான் கரையில வந்து நிக்கிறேன். மணியை எண்ணுறேன். நூறானதும் என் வெள்ளைத் துண்டை ஒசரத் தூக்குறேன். குரல் கொடுக்கத்தானே கூடாது? துண்டு பேசாது. நீங்க அப்பப்பக் கண்ணைத் தொறந்து பாருங்க. அன்னைக்குக் கடல் ஏத்தம் ரொம்ப இருக்கும் சாமி. விடியயில இடுப்புல நிக்கிற தண்ணி உச்சிக்குள்ள நெஞ்சுக்கு மேல வந்துரும். வாடைக் காத்து வேற. இது வெளையாட்டு இல்ல."

"துண்டு தெரிஞ்சா முழுகிருவேன். தெரியலைன்னா?"

மஹ்மூது ஆறிய தேநீரைக் குடித்தார்.

பௌர்ணமி விடியலில் நாகலெட்சுமி அவர் நெற்றியில் திருநீறு இட்டாள். "கைபேசி வகுப்புல என்னத்தைக் கத்துக்கிட்டீக? ஒரு வாட்டிகூட எனக்குப் போன் வரலையே," என்று சிரித்தவள், அவர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். "என்னங்க?"

"ஒண்ணுமில்ல. வந்து போடுறேன்."

கோயில் பெரியவர் பொன்னுச்சாமி வேப்பங்கோலால் நீர்விளிம்பில் கோடு கிழித்தார். ஊர் அக்கோட்டுக்குப் பின்னே நின்றது. வேல்சாமி நடந்து, நீர் உந்தியைத் தொட்ட இடத்தில் திரும்பினார். கூட்டத்தின் கோடியில் மஹ்மூது துண்டும் மணியுமாய் நிற்பதைப் பார்த்துக்கொண்டார். இடப்புறம் கடல் சிவந்து கதிர் எழுந்தது. கண்ணை மூடினார்.

தூண்கள் நின்றன.

நடந்தார். பத்து, இருபது, முப்பது. எண்ணிக்கை தேவையில்லை, வழி அவரை நடத்திச் சென்றது. ஒருமுறை விழித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது; அடுத்த தூண் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். அடுத்த தூணிலும் அப்படியே தோன்றியது. நாற்பத்துமூன்றாம் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது ஏதோ ஒன்று இடறியது. பாட்டு அன்று. உப்பு. வாயில் உப்பு கரித்தது.

நாற்பத்துமூன்றாம் பாட்டுக்கு நீர் தொப்புளைத் தாண்டாது. முப்பது வருடமாக அவர் உடம்பு அறிந்த கணக்கு அது. இப்போது அலை மார்புக்கு மேலே அறைந்து உதட்டில் தெறித்தது. பாதங்களின்கீழ் மணல் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் இது எத்தனையாவது சுற்றின் நாற்பத்துமூன்று?

பாட்டை விடாமல் கண்ணைத் திறந்தார்.

கதிர் வெகுவாக ஏறித் தென்கிழக்கில், நேரே கண்ணில் பாய்ந்தது. கூசிய கண்ணைச் சுருக்கித் துண்டைத் தேடினார். கரை முழுதும் வெண்மை. வெயில் ஏறிவிட்டபடியால் ஆடவர் எல்லோரும் துண்டை விரித்துத் தலைக்குமேல் பிடித்திருந்தார்கள். நூறு துண்டு, நூற்றைம்பது துண்டு, காற்றில் படபடக்கிற துண்டுகள். எந்த ஒன்று தமக்கு உரியது என்று அவருக்கு எவ்வாறு தெரியும்? பெண்கள் பக்கத்தில் ஒருத்தி கோட்டருகே மண்டியிட்டு, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள். அவள் நாகலெட்சுமி என்பது புரிந்தது. ஏன் அழுகிறாள் என்று கேட்க அவளுக்கும் அவருக்கும் நடுவே குரல் விலக்கப்பட்டிருந்தது.

முழுகிவிடலாம். நூறு எப்போதோ முடிந்திருக்கும். முடிந்திராவிட்டால்? முதற்சுற்றிலேயே நடுவில் ஒரு தூணைத் தவறவிட்டிருந்தால்? தகப்பனாரின் மூடிய சன்னல் கண்ணுக்குமுன் வந்தது. வள்ளங்களில் போன பிள்ளைகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. அவை மட்டும் அவருக்கு ஒருபோதும் மறக்கவில்லை. முழுதாக ஒருமுறை, ஐயமின்றி, இப்போதிருந்தே எண்ணிப் பாடி முடித்தால் ஏறிவிடலாம். ஒரே ஒருமுறை. அவ்வளவுதானே!

கண்ணை மூடினார். முதல் தூண் அருகிலேயே காத்திருந்தது.

அதற்குப்பின் கடல் வேறாகவும் அவர் வேறாகவும் இருந்தார். நீர் கழுத்தைத் தொட்டதையும், ஓரலை தலைமேல் போனதையும், எவருக்கோ நேர்ந்ததைப் போல் கேட்டார். அலைக்குள்ளும் பாட்டு நிற்கவில்லை. வாய்க்கு வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

முதுகுப்புறம், கரை இல்லாத திசையிலிருந்து, துடுப்பின் ஓசை வந்தது.

"கரையிலேருந்துதானே கால் வைக்கக்கூடாதுன்னீக!" மஹ்மூதின் குரல் மூச்சிரைத்தது. "நான் கடல்லேருந்து வாரேன். சாமி! நூறு ரெண்டு தடவை முடிஞ்சு மூணாவது ஓடுது. வல்லாஹி, ஆண்டவன் மேல ஆணை, என் கையால எண்ணுனேன். போதும். முழுகுங்க. முழுகிட்டு ஏறுங்க!"

ஒரு கை அவர் பிடரியைப் பற்றி நீருக்குள் அமிழ்த்தியது. அதே கை அக்குளில் நுழைந்து தூக்கியது. வள்ளத்தின் பலகை முதுகில் இடித்தது. கரையில் முதன்முறையாகக் குரல்கள் வெடித்தன, குலவை எழுந்தது. பொன்னுச்சாமி கோலைத் தரையில் ஊன்றி, "முழுக்கு ஆச்சு! முழுக்கு ஆச்சு!" என்று உரக்கச் சொன்னார். அமிழ்த்தியது யார் கை என்பதை எவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஆறாம் வகுப்பு. நாகலெட்சுமி அவரைக் கைப்பிடித்து அழைத்துவந்து பழைய நாற்காலியில் அமர்த்தினாள். "டாக்டரு ஒடம்புல ஒண்ணுமில்லைங்கிறாரு," என்று அவள் யாரிடமோ சொல்வது, இரண்டு தூண் தள்ளி நின்று பேசுவதுபோல் அவருக்குக் கேட்டது. "சோறு ஊட்டுனா சாப்பிடுறாரு. வாய் மட்டும் ஓயமாட்டேங்குது. தூக்கத்துலயும் ஒதடு அசையுது. அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே பாய்?"

"சொல்லியிருக்கணும்மா," என்றார் மஹ்மூது. "சத்தியம் வாங்கிட்டாரு. அந்தச் சத்தியத்தை நான் மறந்திருக்கணும்."

உம்மு ஹபீபா தம் சால்வையை எடுத்து வேல்சாமியின் கால்களைப் போர்த்தினார். பாதம் ஈரமாய் இருக்கிறதே என்று உம்மு ஹபீபா நினைத்தது வேல்சாமிக்குத் தெரிந்தது, ஈரந்தான். பிராகாரத்துக் கல்தரை அல்லவா?

யுவராணி சான்றிதழ்களை ஏந்தி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். பெயருக்கு ஒருவர் எழுந்து போய், வாங்கிக்கொண்டு, கதவு வழியே வெளியே போனார். கதவு வழியே! வேல்சாமி அதைக் கவனித்தார். அது எந்தத் தூணுக்குப் பக்கம் என்று குறித்துக்கொள்ள முயன்றார்.

"வேல்சாமி அய்யா."

தம் பெயர்தான். பதில் சொல்லவேண்டும். சொல்லிவிடலாம், தொண்ணூற்றொன்பதைக் கடந்தாயிற்று, இன்னும் ஒன்றே ஒன்று. அதற்கப்பால் அவர்கள் எல்லோரும் போன கதவு இருக்கும். நூறாவது பாட்டு நாவில் எழுந்தது. பக்கத்தில் மஹ்மூதின் விரல் கடைசி மணியைத் தள்ளிவிட்டு, அவர் கைமேல் மெல்ல வந்து அமர்ந்து, விடாமல் அழுத்தியது. அழுத்தத்தில் ஒரு மூச்சளவு எல்லாம் நின்றது. கூடம் தெரிந்தது, சுழலும் மின்விசிறி தெரிந்தது, ஈரக் கண்ணோடு குனிந்து தம்மைப் பார்க்கும் மனைவியின் முகம் தெரிந்தது. அவளுக்கு ஏதோ செய்வதாகச் சொல்லியிருந்தோமே என்று நினைத்தார்.

"கரையே," என்றார் அவளிடம்.

மஹ்மூது பெருமூச்செறிந்து, தஸ்பீஹின் முதல் மணிக்கு விரலை நகர்த்தினார்.